பல்கலைக்கழக ஆட்சியில் ஆசிரியரின் இடம்: சென்னைப் பல்கலைக்கழகத்தை முன்வைத்து

2023 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவர் வரவில்லை. உயர்கல்வித் துறைச் செயலரின் தலைமையில் ஒரு குழு அமைத்துப் பல்கலைக்கழகத்தை நடத்தத் தொடங்கினார்கள். மாதங்கள் வருடங்களாகின. பட்டச் சான்றிதழில் துணைவேந்தர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் யார் கையெழுத்திடுவது என்று கேட்கும் நிலை வந்தது. இதையெல்லாம் செய்தித்தாளில் படித்தவர்களுக்கு நினைவில் நிற்பது ஒரே கேள்விதான்: துணைவேந்தரை நியமிக்கும் உரிமை ஆளுநருக்கா, மாநில அரசுக்கா?

அது முக்கியமான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சண்டையின் நடுவே பலர் கவனிக்காமல் விட்ட ஒரு விவரம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகச் சட்டப்படி, துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்க மூன்று பேர் கொண்ட தேடுதல் குழு அமைக்க வேண்டும். அதில் ஒருவர் வேந்தரின், அதாவது ஆளுநரின், பிரதிநிதி. மற்ற இருவர்? ஒருவரை செனட் தேர்ந்தெடுக்கிறது, இன்னொருவரை சிண்டிகேட் தேர்ந்தெடுக்கிறது. அதாவது மூன்றில் இரண்டு இடம் பல்கலைக்கழகத்தின் அவைகளுடையது. அந்த அவைகளில் ஆசிரியர்கள் உறுப்பினர்கள், அதிலும் ஒரு பகுதியினர் சக ஆசிரியர்களின் வாக்கில் வந்தவர்கள். தன் தலைவரைத் தேடும் வேலையில் ஆசிரியருக்கு ஒரு பிடி இருக்க வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். அந்தப் பிடி எப்படி வந்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். செனட், சிண்டிகேட், அகாடமிக் கவுன்சில் என்ற மூன்று பெயர்களும் வெளியில் இருப்பவர்களுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும். தமிழில் ஆட்சிப் பேரவை, ஆட்சிக் குழு, கல்விக் குழு என்கிறோம். மூன்றுக்கும் வேலை வேறு வேறு. செனட் பெரிய அவை. துறைத் தலைவர்கள், கல்லூரி முதல்வர்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசிரியர்கள், சட்டமன்றப் பிரதிநிதிகள், அரசு அதிகாரிகள், நியமன உறுப்பினர்கள் என்று பலதரப்பட்டவர்கள் அதில் உண்டு. ஆண்டுக்குச் சில முறைதான் கூடும். வரவு செலவுத் திட்டம் அங்கே வரும். சிண்டிகேட் சிறிய அவை; அன்றாட நிர்வாகம், பணி நியமனம், பணம், சொத்து எல்லாம் அதன் கையில். கல்விக் குழு முழுக்கக் கல்வி விஷயங்களுக்கானது: என்ன படிப்பு, எத்தனை தாள், எப்படித் தேர்வு, யாருக்குப் பட்டம்.

எழுதும் விதிகளையும் சட்டம் இதே மாதிரி மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. பல்கலைக்கழகத்தின் அடிப்படை அமைப்பைத் தொடும் விதிகளை செனட் இயற்ற வேண்டும், அதற்கு வேந்தரின் ஒப்புதலும் வேண்டும். நிர்வாக விதிகள் சிண்டிகேட்டுடையவை. பாடம், தேர்வு பற்றிய விதிகள் கல்விக் குழுவுடையவை. யார் எந்தப் பேனாவைப் பிடிக்கலாம் என்று பிரித்திருப்பதில்தான் ஆசிரியரின் அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரியும். கல்வி என்று வரும்போது பேனா ஆசிரியர் கையில். பணம் என்று வரும்போது அவர் மேசையில் இருக்கும் பலரில் ஒருவர்.

இந்த மூன்றுக்கும் கீழே, செய்திகளில் அடிபடாத நான்காவது ஒன்று இருக்கிறது: பாடத்திட்டக் குழு. ஆசிரியர்கள் வழக்கத்தில் போர்டு என்று மட்டும் சொல்வார்கள். "நாளைக்கு போர்டு இருக்கு" என்றால் புரிந்துவிடும். தமிழுக்கு ஒன்று, இயற்பியலுக்கு ஒன்று, வணிகவியலுக்கு ஒன்று என்று ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு போர்டு. என்னைப் பொறுத்தவரை ஒரு பல்கலைக்கழகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

நான் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் இப்படிப்பட்ட கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் தொடங்கி மாலை வரை போகும். இரண்டாம் பருவத்துத் தாளில் ஐந்து அலகுகள்; நான்காவது அலகில் உள்ளதை மாணவர்களால் தொண்ணூறு மணி நேரத்துக்குள் தாங்க முடியாது என்று ஒருவர் சொல்வார். அதை எடுத்துவிட்டால் மேற்படிப்புக்குப் போகும் பிள்ளை தடுமாறும் என்று இன்னொருவர் மறுப்பார். வெளியிலிருந்து வந்த வல்லுநர் தங்கள் ஊரில் என்ன செய்கிறார்கள் என்று சொல்வார். எந்தப் பாடநூல் கிராமத்து நூலகத்தில் கிடைக்கும் என்பதுகூடப் பேச்சில் வரும். கடைசியில் ஒரு தாளில் நான்கு வரி மாறியிருக்கும். அந்த நான்கு வரி ஆயிரக்கணக்கான மாணவர்களின் ஒரு வருடத்தைத் தீர்மானிக்கும். வகுப்பில் நின்று பேசிப் பார்த்தவருக்குத் தவிர வேறு யாருக்கும் அந்த நான்கு வரியை எழுதத் தெரியாது என்பது என் உறுதியான எண்ணம்.

போர்டு சம்மதித்த பாடத்திட்டம் கல்விக் குழுவுக்குப் போகும். அங்கே மற்றத் துறைகளின் கண்ணில் படும். பணம் தேவைப்படும் புதிய படிப்பு என்றால் சிண்டிகேட் வரை ஏறும். இந்தப் படிக்கட்டில் ஆசிரியர்கள் அடியில் நிறைந்திருக்கிறார்கள். மேலே போகப் போக அவர்களின் பங்கு குறைந்து அதிகாரிகளும் நியமன உறுப்பினர்களும் கூடுகிறார்கள்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. 1857 செப்டம்பர் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அது பாடமே நடத்தவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் அச்சில் அமைந்த தேர்வு நடத்தும் நிறுவனம் அது. கல்லூரிகள் பாடம் சொல்லித்தரும், பல்கலைக்கழகம் வினாத்தாள் அனுப்பிப் பட்டம் கொடுக்கும். செனட் இருந்தது. ஆனால் அதன் உறுப்பினர்கள் அரசு நியமித்தவர்கள், அதுவும் ஆயுள் முழுக்க. உயர் அதிகாரிகள், நீதிபதிகள், பாதிரிமார்கள், நகரத்துப் பெரிய மனிதர்கள் என்று அந்தப் பட்டியல் நீண்டது. பாடம் நடத்துபவர் என்ற தகுதியில் ஒருவர் உள்ளே வருவதற்குத் தனி வழி எதுவும் இல்லை.

வழி திறந்தது, வினோதமாக, வைஸ்ராய் கர்சன் காலத்தில். 1904-ஆம் ஆண்டு இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம் தேசியவாதிகளால் கடுமையாக எதிர்க்கப்பட்ட ஒன்று. கோபால கிருஷ்ண கோகலே சட்ட மன்றத்தில் அதை விடாமல் எதிர்த்தார். அவர் புனே ஃபெர்குசன் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், ஆகவே வெளியாள் பேச்சு அல்ல அது. சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று பழைய பல்கலைக்கழகங்களில் செனட் உறுப்பினர்கள் நூறு பேருக்கு மிகாமல் இருக்க வேண்டும், அதில் 20 பேர் மட்டுமே தேர்தலில் வரலாம், மற்றவர்கள் பெரும்பாலும் வேந்தரின் நியமனம் என்றது சட்டம். பல்கலைக்கழகங்களை அரசுத் துறையாக்கும் முயற்சி என்று கோகலே போன்றவர்கள் கண்டார்கள். அது சரியான பார்வைதான். ஆனால் அதே சட்டம் வேறொன்றையும் செய்தது: ஆயுள் உறுப்பினர் முறையை ஒழித்து ஐந்தாண்டு என்றாக்கியது. சிண்டிகேட்டில் கல்லூரி முதல்வர்களும் பேராசிரியர்களும் ஏறத்தாழப் பாதி இடம் பெற வேண்டும் என்றும் எழுதிவைத்தது.

அன்றைய பேராசிரியர்களில் பலர் ஐரோப்பியர்கள். அதனால் அந்த இடங்களும் அரசுக்கு வசதியாகவே இருந்தன என்று சொல்லலாம். ஆனாலும் பாடம் நடத்துபவர் என்ற காரணத்துக்காகவே ஒருவருக்கு ஆட்சியில் இடம் என்ற கொள்கை சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. இது நடந்தது கட்டுப்பாட்டை இறுக்க வந்த சட்டத்தின் மூலம் என்பதை நான் பலமுறை யோசித்துப் பார்த்ததுண்டு. உள்ளே ஒரு நாற்காலி கொடுத்துவிட்டு மேலே கடிவாளத்தை இழுப்பது பிறகும் பல தடவை நடந்திருக்கிறது.

அடுத்த பெரிய திருப்பம் கல்கத்தாவிலிருந்து வந்தது. லீட்ஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மைக்கேல் சாட்லர் தலைமையில் 1917 முதல் 1919 வரை வேலை செய்த ஆணையம், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தைப் பற்றித்தான் ஆராய்ந்தது. ஆனால் அதன் பரிந்துரைகள் நாடு முழுக்கப் பரவின. கல்வி விஷயங்களைப் பொது அவையிலிருந்து பிரித்து, ஆசிரியர்கள் நிறைந்த தனிக் குழுவிடம் கொடுக்க வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. ஒரு பாடத்தில் எது தேவை என்பதை நகரத்துப் பிரமுகர்கள் கைதூக்கி முடிவு செய்வது முறையல்ல என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது.

சென்னையில் அது 1923-இல் சட்டமானது. நீதிக்கட்சி அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்த ஏ. பி. பாத்ரோ சென்னைப் பல்கலைக்கழகச் சட்டத்தைக் கொண்டுவந்தார். தேர்வு மட்டும் நடத்திய நிறுவனத்தைப் பாடம் சொல்லவும் ஆராய்ச்சி செய்யவும் கூடிய பல்கலைக்கழகமாக மாற்றுவது அதன் நோக்கம். கல்விக் குழு என்ற ஒன்று இங்கே நிலைபெற்றது அப்போதுதான். பல திருத்தங்களோடு அந்தச் சட்டம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இன்றைய தேடுதல் குழுச் சண்டையில் நீதிமன்றத்தில் வாசிக்கப்படுவதும் அதே 1923 சட்டத்தின் திருத்தப்பட்ட வாசகங்கள்தான். பின்னால் வந்த தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இந்த அச்சையே கொஞ்சம் கூட்டிக் குறைத்து எடுத்துக்கொண்டன. அண்ணா பல்கலைக்கழகத்தில் மட்டும் செனட் கிடையாது. சிண்டிகேட்டும் கல்விக் குழுவும்தான்.

சரி, நாற்காலி இருக்கிறது. அதில் உட்கார்ந்தவர் என்ன செய்ய முடியும்?

செனட்டில் கேள்வி கேட்கலாம். பட்ஜெட் கூட்டத்தில் தேர்வுக் கட்டணம் ஏன் ஏறியது, ஓய்வூதியம் ஏன் தாமதம், விடைத்தாள் திருத்தத்தில் என்ன குளறுபடி என்று எழுந்து கேட்கலாம். நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் இந்தத் தேர்தல்களில் ஆட்களை நிறுத்தி வேலை செய்வது இதனால்தான். சென்னைப் பக்கம் ஏ.யூ.டி., மதுரை நெல்லைப் பக்கம் மூட்டா என்று கல்லூரி ஆசிரியர்களின் சங்கங்கள் ஊதியத்துக்காக மட்டும் போராடவில்லை. இந்த அவைகளுக்குள் குரல் கொண்டு போவதையும் தங்கள் வேலையாகவே பார்த்தன.

ஆனால் அந்தக் குரலை மெல்ல அடைக்கும் வழிகளும் உண்டு. அவற்றை வெளியாட்கள் அறிவது அரிது. முதலாவது, டேபிள் ஐட்டம். நிகழ்ச்சி நிரலில் முன்கூட்டி அனுப்பாமல், கூட்டம் நடக்கும்போது மேசையில் வைக்கப்படும் பொருள். ஐம்பது பக்கம் இருக்கும். படிக்க நேரமிருக்காது. சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது எடுத்துக்கொள்ளப்படும். இரண்டாவது, பின்னேற்பு. அவசரச் சூழலில் துணைவேந்தர் தாமே முடிவெடுத்து, பிறகு உரிய அவையின் முன் வைக்கலாம் என்று ஏறக்குறைய எல்லாப் பல்கலைக்கழகச் சட்டங்களிலும் ஒரு பிரிவு இருக்கிறது. வெள்ளம், தேர்வு ஒத்திவைப்பு போன்ற நிஜமான அவசரத்துக்கு அது தேவை. ஆனால் எல்லாமே அவசரம் ஆகிவிட்டால், அவையின் வேலை நடந்து முடிந்ததற்குக் கைதூக்குவது மட்டும்தான். மூன்றாவது, கூட்டத்தையே தள்ளிப்போடுவது. இதற்கு விளக்கம் வேண்டாம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் என்பதாலேயே ஒருவர் நியாயமாக நடந்துகொள்வார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அணி பிரிந்து வாக்குக் கேட்பது, சாதிக் கணக்குப் பார்ப்பது, தன் துறைக்குப் பணியிடம் வருமா என்று மட்டும் பார்த்து வாக்களிப்பது, பத்தாண்டுகளாக ஒரே பாடத்திட்டத்தை மாற்றாமல் வைத்திருப்பது எல்லாம் ஆசிரியர் நிறைந்த அவைகளிலேயே நடந்திருக்கின்றன. புதிதாக ஒன்றைத் தொடங்க நினைக்கும் இளைஞருக்கு மூத்த பேராசிரியர்களின் போர்டுதான் முதல் தடையாக இருப்பதும் உண்டு. ஆனாலும் இதற்கு மருந்து அவர்களை வெளியேற்றுவதல்ல என்று நினைக்கிறேன். வெளி வல்லுநரையும், முன்னாள் மாணவரையும், இளைய ஆசிரியரையும் கூடுதலாக உள்ளே கொண்டுவருவதுதான்.

அப்படிச் செய்து பார்த்த ஒரு நல்ல முயற்சியும் தமிழ்நாட்டில் உண்டு. 1978-இல் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தன்னாட்சிக் கல்லூரிகள் இங்கேதான் உருவாயின. அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த மால்கம் ஆதிசேஷையா இதில் மிகுந்த ஆர்வம் காட்டியவர். யுனெஸ்கோவில் உயர்பொறுப்பில் இருந்துவிட்டு வந்தவர் அவர். அதுவரை கடலூரில் படித்தாலும் வேலூரில் படித்தாலும் ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள். தன்னாட்சி வந்தபின் கல்லூரியே தன் போர்டையும் கல்விக் குழுவையும் அமைத்துக்கொண்டது. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில். பாடம் நடத்துபவரே அதை வடிவமைக்கவும் தேர்வு வைக்கவும் செய்தார். எண்பதுகளில் தன்னாட்சிக் கல்லூரிகளில் வேலை பார்த்தவர்களிடம் கேட்டால், அந்த முதல் வருடங்களின் உற்சாகத்தை இப்போதும் கண் விரியச் சொல்வார்கள்.

தன்னாட்சியை எல்லா ஆசிரியர்களும் வரவேற்கவில்லை என்பதும் உண்மை. சங்கங்கள் அப்போதே எதிர்த்தன. பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பிலிருந்து விலகினால் தனியார் நிர்வாகம் ஆசிரியரை இஷ்டப்படி ஆட்டிவைக்கும் என்பது அவர்களின் பயம். சில கல்லூரிகளில் அந்தப் பயம் பலித்தும் இருக்கிறது. கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைப்பதும், கல்லூரிக்குள் ஆசிரியருக்குச் சொல் கிடைப்பதும் இருவேறு விஷயங்கள்.

இதே கேள்வி 2023-இல் வேறு வடிவில் வந்தது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுப் பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் மாணவருக்கு உதவும், வேலைக்குப் போகும்போது எல்லாப் பட்டமும் சமமாக மதிக்கப்படும் என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அவை வீண் காரணங்கள் அல்ல. ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகளிலிருந்தும் ஆசிரியர் சங்கங்களிலிருந்தும் பலத்த எதிர்ப்பு எழுந்தது. போர்டும் கல்விக் குழுவும் சட்டப்படி இருக்கும்போது, பாடத்திட்டம் மேலே இருந்து வந்தால் அவை எதற்கு என்று கேட்டார்கள். ஆகஸ்டில் உயர்கல்வி அமைச்சர் பொன்முடி கல்லூரி முதல்வர்களை அழைத்துப் பேசி, தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு இது கட்டாயமில்லை என்றார். ஆளுநரும் தம் பங்குக்கு, இது கட்டாயமில்லை என்று பல்கலைக்கழகங்களுக்கு எழுதினார். கல்லூரி ஆசிரியரின் உரிமை பற்றிய ஒரு விஷயம் சில நாட்களிலேயே ஆளுநர், அரசு மோதலின் இன்னொரு அத்தியாயமாகச் செய்தியில் வந்தது. முதலில் கேள்வி எழுப்பிய ஆசிரியர்களின் வாதம் அந்தச் சத்தத்தில் அமுங்கிவிட்டது என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

மற்ற இடங்களில் எப்படி? உச்சத்தில் இருப்பது ஆக்ஸ்ஃபோர்டு. அங்கே ஆசிரியர்களும் கல்விப் பணியாளர்களும் அடங்கிய பெரும் அவைதான் பல்கலைக்கழகத்தின் இறுதி அதிகாரம். 1985-இல் அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சருக்குக் கௌரவப் பட்டம் தரும் யோசனையை அந்த அவை 738-க்கு 319 என்ற வாக்கில் நிராகரித்தது. அவருடைய அரசு கல்விக்கான பணத்தை வெட்டியதுதான் காரணம். அதைவிட நம் விஷயத்துக்கு நெருக்கமானது 2006-இல் நடந்தது. துணைவேந்தர் ஜான் ஹூட், நிர்வாகக் குழுவில் வெளியாட்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். நவம்பரில் அவை 730-க்கு 456 என்று தோற்கடித்தது. பிறகு எல்லா உறுப்பினர்களுக்கும் அஞ்சல் வாக்கெடுப்பு வைத்தபோதும் 1,540-க்கு 997 என்று தோற்றது. திட்டம் போனது. அங்கே துணைவேந்தர் தம் யோசனையை ஆசிரியர்களிடம் வாதிட்டு வென்றாக வேண்டும். வேறு வழி கிடையாது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், கடல் தாண்டி யாழ்ப்பாணத்தைப் பார்க்கலாம். இலங்கையில் 1978-ஆம் ஆண்டு 16-ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் எல்லா அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவானது. அங்கே நிர்வாக அவையைப் பேரவை என்றும், கல்வி அவையை மூதவை என்றும் அழைக்கிறார்கள். நாம் செனட்டை ஆட்சிப் பேரவை என்று சொல்வதால் இரு கரைக்காரர்கள் பேசும்போது கொஞ்சம் குழப்பம் வரும்: அங்கே செனட் என்பது கல்விக்கான மூதவை. முக்கியமான வேறுபாடு, பீடாதிபதி, அதாவது டீன், அங்கே தேர்தலில் வருகிறார். பீடச் சபையில் உள்ள ஆசிரியர்கள் வாக்களித்து மூன்றாண்டுக்குத் தங்கள் பீடாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பீடாதிபதிகள் பதவி வழியாகப் பேரவையில் அமர்கிறார்கள். மூதவையும் தன் பிரதிநிதிகளை அங்கே அனுப்புகிறது.

ஆனால் அதே பேரவையில், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளி உறுப்பினர்கள் உள்ளிருப்பவர்களைவிட ஒருவர் கூடுதலாக இருக்கும்படி சட்டம் பார்த்துக்கொள்கிறது. துணைவேந்தர் பதவிக்குப் பேரவை மூன்று பெயர்களை அனுப்ப, ஜனாதிபதி ஒருவரை நியமிக்கிறார். 2019-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரை ஜனாதிபதி பதவிநீக்கம் செய்தபோது, பீடாதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்களின் சொல் அந்த உயரத்துக்கு எட்டவில்லை என்பது அங்கிருந்தவர்களுக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் கல்விக் குழுவுக்கு 26 பேரையும் நிர்வாகக் குழுவுக்கு இருவரையும் ஆசிரியர்கள் வாக்களித்து அனுப்புகிறார்கள். எண்ணிக்கை பெரிதாகத் தெரியும். ஆனால் 2013-இல் நான்காண்டு இளநிலைப் படிப்பு வந்தபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் சிலர் மறுப்பைப் பதிவு செய்தும், பதவிவழி உறுப்பினர்களின் பெரும்பான்மையால் அது நிறைவேறியது. மறுவருடமே இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) தலையிட்டு, 2014 ஜூனில் திட்டம் கைவிடப்பட்டது. கூட்டக் குறிப்பில் எழுதப்பட்ட அந்த மறுப்பைப் பிறகு பலரும் தேடி எடுத்துப் படித்தார்கள்.

இப்போது தேடுதல் குழுவுக்குத் திரும்பலாம். மானியக் குழுவின் 2018 விதிமுறை, தேடுதல் குழுவில் மானியக் குழுத் தலைவர் நியமிக்கும் ஒருவர் இருக்க வேண்டும் என்றது. 2022-இல் குஜராத், கேரள வழக்குகளில், மானியக் குழு விதிமுறைகளுக்கு மாறாக நடந்த துணைவேந்தர் நியமனங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்புகளுக்குப் பிறகு மாநிலச் சட்டமா, மானியக் குழு விதிமுறையா என்ற இழுபறி முற்றியது. கேரளத்தில் 2022 அக்டோபரில், தேடுதல் குழுவுக்குத் தன் பிரதிநிதியை அனுப்ப மறுத்த கேரளப் பல்கலைக்கழக செனட்டின் நியமன உறுப்பினர்கள் 15 பேரை ஆளுநர் நீக்கினார். செனட்டின் அந்த ஒற்றை இடத்துக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில், சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு மானியக் குழுப் பிரதிநிதியையும் சேர்த்து நால்வர் குழுவை ஆளுநர் அறிவித்தார். அரசு அந்த நான்காமவரை நீக்கி மூவர் குழுவாக அரசிதழில் வெளியிட்டது. வேலை அங்கேயே நின்றது. செனட்டும் சிண்டிகேட்டும் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தும் பயனில்லை.

இதற்கு நடுவே மாநில அரசு 2022-இல் நிறைவேற்றிய மசோதாக்கள், நியமன அதிகாரத்தை வேந்தரிடமிருந்து அரசுக்கு மாற்றின. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், ஆளுநரின் ஒப்புதல் கிடைக்காமல் நின்ற அந்த மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்றது; மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படி ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் முறையை ஏற்கவில்லை.

இன்னொரு பக்கம், 2025 ஜனவரியில் மானியக் குழு ஒரு வரைவு விதிமுறையை வெளியிட்டது. அதன்படி தேடுதல் குழுவை அமைப்பவர் வேந்தர். அதில் மூவர்: வேந்தரின் பிரதிநிதி, மானியக் குழுத் தலைவரின் பிரதிநிதி, பல்கலைக்கழகத்தின் உச்ச அவையின் பிரதிநிதி. தமிழ்நாடு சட்டமன்றம் அந்த மாதமே இதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. மாநில உரிமை பறிபோகிறது, கல்வியாளர் அல்லாதவரும் துணைவேந்தராக வழி திறக்கிறது என்பவை அதற்கான காரணங்கள், இரண்டும் நியாயமானவை. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகக் கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். இன்று மூன்றில் இரண்டு இடம் பல்கலைக்கழக அவைகளுடையது. வரைவின்படி மூன்றில் ஒன்று. மாநில அரசின் மசோதாவோ நியமிப்பவரை மாற்றியதே தவிர, ஆசிரியர்களின் பங்கைக் கூட்டவில்லை. இரண்டு தரப்பிலும் பேசியவர்கள் இந்தக் கணக்கைப் பெரிதாக எடுத்துப் பேசவில்லை.

தேடுதல் குழுவில் உட்காருபவர் அந்தப் பல்கலைக்கழகத்தோடு தொடர்பில்லாதவராக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஆசிரியர் அங்கே நேரடியாக அமர முடியாது; யார் அமர வேண்டும் என்று சொல்லத்தான் முடியும். 2023-இல் சிண்டிகேட்டின் பிரதிநிதி ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி, செனட்டின் பிரதிநிதி ஒரு முன்னாள் துணைவேந்தர். ஆசிரியர்களின் சொல் அந்தத் தேர்வில் உண்மையிலேயே எவ்வளவு எடுபடுகிறது என்பது, செனட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எவ்வளவு சுதந்திரமாகப் பேச முடிகிறது என்பதைப் பொறுத்தது.

அந்தச் சுதந்திரத்தின் அடித்தளம் பணிப் பாதுகாப்பு. இந்த அவைகளைப் பற்றிய சட்டங்கள் எல்லாம் நிரந்தரப் பணியில் இருக்கும் ஆசிரியரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. துணைவேந்தரை எதிர்த்து எழுந்து பேசிவிட்டு மறுநாள் காலை வழக்கம்போல வகுப்புக்குப் போகக்கூடிய ஆள் அவர். இன்று தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் வேலை பார்க்கிறார்கள். மாதம் 25,000 ரூபாய், ஆண்டுக்குப் பதினோரு மாதம். அவர்களில் பலர் முனைவர் பட்டம் பெற்றவர்கள், பத்துப் பதினைந்து வருடமாக அதே வகுப்பறையில் நிற்பவர்கள். பல்கலைக்கழகங்களிலும் நிரந்தரப் பணியிடங்கள் ஓய்வுபெறுகிறவர்களோடு காலியாகி, ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. துறையில் இரண்டு பேராசிரியர்தான் மிச்சம் என்றால், போர்டுக்கும் அவர்கள், கல்விக் குழுவுக்கும் அவர்கள், செனட்டுக்கும் அவர்களே போக வேண்டியிருக்கிறது.

சில துறைகளில் பாடத்திட்டத்தின் முதல் வரைவை எழுதுவதே கௌரவ விரிவுரையாளர்தான். அந்தத் தாளை அதிகம் நடத்தியவர் அவர்தான் என்பதால் அப்படிக் கேட்கிறார்கள். இரண்டு வாரம் உட்கார்ந்து, அலகு பிரித்து, பாடநூல் பட்டியல் தேடித் தட்டச்சு செய்து கொடுப்பார். போர்டு கூடும் நாளில் அந்தத் தாளைத் துறைத் தலைவர் எடுத்துப் போவார். எழுதிய விரிவுரையாளருக்கு அன்று மூன்று மணி நேரம் வகுப்பு இருக்கும். அவரை உறுப்பினராகவே அந்த மேசைக்கு அழைக்கும்படி போர்டு அமைப்பு விதியைத் திருத்தலாம். பாடம் பற்றிய விதிகளை எழுதும் பேனா கல்விக் குழுவிடம்தான் இருக்கிறது.